துரைசானிக்கு ஒரு தொட்டில்

என் கை சும்மா இருந்தால் வாய் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய்யில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், என் வாய்க்குப் பயந்தே கங்காணி எங்கள் லயத்து வீட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம் முழுக்க நான் வாயைக் கட்டிக்கொண்டு கையை மட்டும் ஓட்டினேன். எல்லாம் என் அக்காவுக்காக.

அக்காவும் அவள் புருஷனும் அதே தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தார்கள். நாங்கள் கீழ் டிவிசன். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. மற்ற மாதங்களில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நடந்துவிடலாம். மழை பிடித்துவிட்டால் மரப்பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும். ஆஸ்பத்திரி, மருந்து கட்டும் டிரஸ்ஸர், மருத்துவச்சி எல்லாம் எங்கள் பக்கம். அக்காவுக்கு முதல் இரண்டு பிரசவமும் மேலேதான், மழை மாதத்தில்தான். இரண்டு பிள்ளைகளும் பிறந்து அழவே இல்லை. இரண்டையும் லயத்துக்குப் பின்னால் வாழை மரங்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. தை மாதம் என்று கணக்கு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வலி எடுக்கும் முன்னமே அவளை ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கங்காணியிடம் போய்க் கேட்டேன்.

"மேல ஆளு பத்தல. அவ நெரைய யாரு வெட்டுறது, நீயா?" என்றார். நிரை என்றால் ஒருவர் தினமும் வெட்ட வேண்டிய மரவரிசை. "வலி வரட்டும். மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பச் சொல்றேன்."

"ஆத்துல தண்ணி வந்தா வண்டி நீந்துமா?" என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போனால் அவர் கங்காணியைக் கேள் என்றார். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் பந்தாடினால் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமே போய்விடும். துரையைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எங்களைப் போன்றவர்கள் துரையின் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசக்கூடிய நாள் வருஷத்தில் ஒன்றுதான். அது கிறிஸ்துமஸ் காலை.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் கும்பிடுகிறவர்கள் கையளவுதான். இருந்தாலும் அன்று வேலை கிடையாது, எல்லோரும் குளித்து, தீபாவளிக்கு எடுத்த சேலையை உடுத்தி, தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் வாழைப்பழச் சீப்பும் மாலையுமாக, மேளத்தை முன்னே விட்டு, மேட்டுப் பங்களாவுக்குப் போவோம். துரை வராந்தாவில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வார். அன்று அவர் முகம் கொஞ்சம் இளகியிருக்கும். பழத்தைக் கையில் கொடுக்கும்போது மனதில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை வந்ததே அப்படித்தான். அது பழைய துரை காலத்தில். அவர் கல்யாணம் ஆகாத மனிதர். அவர் சீமைக்குப் போய், இந்த ஆண்டு ஆடி மாதம் புதுத் துரை வந்திருந்தார். கூடவே துரைசானியும்.

புது ஆட்களின் குணம் எப்படியோ என்று எங்களுக்கு ஒரே யோசனை. அதற்கு வழி சொன்னவர் பங்களாவின் சமையல்காரர். ஈப்போக்காரர், வேதக்காரர், வயதில் மூத்தவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கீரையும் முட்டையும் வாங்க லயத்துப் பக்கம் வருவார். மார்கழி பிறக்கும் முன் ஒரு நாள், தண்ணீர்க் குழாயடியில் நாலு பெண்கள் நின்றிருந்தபோது சொன்னார்.

"கடையில வாங்குனதெல்லாம் அந்தம்மாவுக்குப் பெருசு இல்லலா. அவங்க ஊருல கிறிஸ்துமஸ்னா ஒருத்தருக்கொருத்தர் கையால செஞ்சு குடுப்பாங்களாம். இப்பவே உக்காந்து கம்பளி நூலுல என்னவோ பின்னிக்கிட்டே இருக்காங்க. நீங்களும் வெறும் எலுமிச்சம்பழத்தோட வராம, கையால ஏதாவது செஞ்சு கொண்டாந்தா அவங்க மனசு குளுந்துரும்."

அவ்வளவுதான், லயம் முழுவதும் பற்றிக்கொண்டது. கங்காணி பெண்டாட்டி ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி, எண்ணெய் போட்டுப் பளபளக்கத் துடைத்து, பெரிய மாலையாகக் கோக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி தாழம்பாய் முடைந்தாள், ஓரத்தில் சிவப்புச் சாயம் ஏற்றி. ஒருத்தி சிரட்டையைச் சீவிச் சீவி அகப்பை செய்தாள். துரைசானி எந்தக் காலத்தில் கஞ்சி கிளறினாள், அகப்பை கொடுப்பதற்கு! நான் அதைச் சொன்னதும் அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

எனக்கு மட்டும் என்ன செய்வது என்று பிடிபடவில்லை. மற்றவர்கள் செய்வது வெறும் பொருள். நான் செய்வது அந்த அம்மாளை என் முகம் பார்க்க வைக்க வேண்டும். அக்காவின் பேச்சை எடுக்க ஒரு வாசலாக இருக்க வேண்டும். இரண்டு நாள் மரம் வெட்டிக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. தொட்டில்.

எப்படித் தோன்றியது என்று கேட்டால் இன்றும் என்னால் நியாயம் சொல்ல முடியும். கிறிஸ்துமஸ் என்பது ஒரு பிள்ளை பிறந்த நாள். ஈப்போ வேதக் கோயிலில் அன்று வைக்கோல் பரப்பி அந்தப் பிள்ளையைக் கிடத்தி வைப்பார்கள் என்று சமையல்கார அண்ணன் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வேறு எதைக் கொண்டுபோவது? இன்னொன்று, துரைசானிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, மடியில் பிள்ளை இல்லை என்று லயத்தில் பேச்சு. எங்கள் ஊர் வழக்கம் தெரியுமே, பிள்ளை வேண்டுமென்றால் சாமி மரத்தில் தொட்டில் கட்டுவோம். ஆக, பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு தொட்டில் கொடுப்பது வாயால் சொல்லாத வாழ்த்து. அதைக் கொடுத்த கையோடு, "அம்மா, எங்கக்கா வயித்துலயும் ஒண்ணு இருக்கு" என்று பேச்சை எடுத்தால் யார் தடுக்க முடியும்? எனக்கு என் புத்தியை நினைத்தே பெருமையாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா தொட்டில் செய்ய ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? ஒங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

அவருக்கும் தெரியாது. கோழிக்கூடு பின்னத் தெரியும். கோழிக்கூடு பின்னத் தெரிந்தவருக்குத் தொட்டில் என்ன பெரிய விஷயம் என்று நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டோரம் போய் ரோத்தான் பிரம்புக் கொடி இழுத்துவந்தார். கையெல்லாம் முள். அதை உரித்து ஓடையில் ஊறப்போட்டோம். தடித்த கொடிகளைச் சிரட்டைக் கங்கில் வாட்டி வளைக்க வேண்டும். வாட்டுவதில்தான் பக்குவம் இருக்கிறது. கொஞ்சம் ஏமாந்தால் கருகிவிடும். முதல் இரண்டையும் கருக்கினார். மூன்றாவதை வளைக்கும்போது படாரென்று முறிந்து என் முழங்கையில் அடித்தது. "துரைசானிக்குத் தொட்டிலா, எனக்குப் பாடையா?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கோபம் போய்விட்டது.

மரம் வெட்டும் பால் எடுப்பும் முடிந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு மத்தியானம் வீடு திரும்புவோம். சோறு தின்ற கையோடு வேலைக்கு உட்கார்ந்துவிடுவோம். அவர் சட்டத்தைக் கட்டுவார், நான் மெல்லிய கொடியைக் கிழித்து அடிப்பாகம் பின்னுவேன். ஒரு பச்சைப்பிள்ளை தாராளமாகப் படுக்கும் அளவு. முடித்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ரோத்தான் பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்தது. இலவம்பஞ்சு பறித்துக் கொட்டை நீக்கி, தீபாவளிச் சேலையில் மிச்சமிருந்த சிவப்புத் துண்டில் அடைத்து மெத்தை தைத்தேன். ரப்பர்க் கொட்டைகளைச் சூட்டுக் கம்பியால் துளைத்து, உள்ளிருக்கும் பருப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொத்தாகக் கோத்துக் கட்டினால் நல்ல கிலுகிலுப்பை. சுங்கை சிப்புட்டில் சீனன் கடையில் பச்சைத் தாளும் சிவப்புத் தாளும் வாங்கிவந்து கிளிகள் மடித்தேன். அவர்கள் பண்டிகைக்குப் பச்சையும் சிவப்பும்தான் ராசி என்று சமையல்கார அண்ணன் சொல்லியிருந்தார். பச்சைக் கிளிக்குச் சிவப்பு மூக்கு. தானாகவே பொருந்திவிட்டது.

இதைச் செய்த நாட்களில் எனக்கு மனம் நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவின் பிள்ளைக்கென்று ஒரு கந்தைத் துணியைக்கூட நாங்கள் முன்கூட்டி எடுத்துவைக்க மாட்டோம். பிறக்கும் முன் எதையும் தயார் செய்யக் கூடாது. அதுவும் இரண்டு போன வயிற்றுக்குச் செய்யவே கூடாது. அந்த ஆசையெல்லாம் எனக்குள் அடைந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பேரைச் சொல்லி அதையெல்லாம் இந்தத் தொட்டிலில் கொட்டினேன். ஒவ்வொரு கிளிக்கும் கண் வைக்கும்போது அக்காவைத்தான் நினைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெட்டியாக இருந்தேன். யாருக்கும் காட்டவில்லை. கங்காணி பெண்டாட்டிக்குக் கண் சும்மா இராது. பார்த்தால் நாளைக்கே இதைவிடப் பெரிதாக ஒரு தொட்டில் பின்னவைத்துவிடுவாள். அதனால் வேலை முடிந்ததும் கோணிச்சாக்கைப் போட்டு மூடி, விறகுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிடுவேன். சமையல்கார அண்ணன்கூட ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "என்ன தங்கச்சி, நீ ஒண்ணும் செய்யலியா?" என்று கேட்டார். சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு, "அன்னிக்குப் பாருங்கண்ணே" என்றேன். அவர் ஒருவருக்குக் காட்டியிருந்தால் போதும். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?

கிறிஸ்துமஸ் அன்று விடியும்போது மழை விட்டிருந்தது. மேளம் முன்னால் போக, நாங்கள் மேடேறினோம். தொட்டிலை வீட்டுக்காரர் சாக்கோடு தலையில் வைத்து வந்தார். வராந்தாவில் துரையும் துரைசானியும் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த அம்மாளை அவ்வளவு அருகில் பார்த்தது அன்றுதான். மெலிந்த உடம்பு, என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். தான் பின்னிய கம்பளிக் குல்லாய்களைக் குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். நம் ஊர் வெயிலில் கம்பளி! பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள், தாய்மார்கள் கழற்றவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கங்காணி பெண்டாட்டி மாலையைக் கொடுத்ததும் துரைசானி உடனே கழுத்தில் போட்டுக்கொண்டார். பாயை விரித்துப் பார்த்தார். அகப்பையைக்கூட வாங்கி, எதற்கு என்று சமையல்கார அண்ணனைக் கேட்டுச் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைத் துரையிடம் கொடுத்துவிட்டு, தொட்டிலை இறக்கச் சொல்லி, அந்த அம்மாளின் காலடியில் வைத்துச் சாக்கை உருவினேன்.

கூட்டத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கங்காணி பெண்டாட்டியின் முகம் சுருங்கியதை நான் ஓரக்கண்ணால் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். துரைசானி குனிந்து ஒரு கிளியைத் தொட்டார். தொட்டில் ஆடி, கொட்டைகள் கிலுகிலுவென்றன. தொட்ட கை அப்படியே நின்றது. பிறகு எழுந்தார், யாரையும் பார்க்காமல் உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

துரை முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "போதும். எல்லாம் போங்க" என்றார். மேளக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் அக்காவின் பேச்சைத் தொண்டை வரை கொண்டுவந்திருந்தேன். அது அங்கேயே நின்றுவிட்டது.

படியிறங்கும்போது கங்காணி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "யாரக் கேட்டு இத செஞ்ச? ஒன்னால இன்னிக்கு எல்லாரு வாயிலயும் மண்ணு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியாமல் திட்டு வாங்குவது எனக்கு ஆகாது. கூட்டம் லயத்துப் பக்கம் போக, நான் வீட்டுக்காரரின் கையை உதறிவிட்டுப் பங்களாவின் பின்பக்கம், குசினி வாசலுக்குப் போனேன். சமையல்கார அண்ணன் அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவ எங்கிட்டக் காட்டியிருக்கலாமே தங்கச்சி" என்றார்.

"என்னத்தண்ணே? தொட்டில்ல என்ன இருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆடியில வந்தாங்களே, கப்பல்ல ஏறும்போது கைப்பிள்ளையோட ஏறியிருக்காங்க. நடுவழியில காய்ச்சல் கண்டு போயிருச்சு. கப்பல்ல வச்சிருக்க முடியாதுல்ல. கடல்லயே விட்டுட்டாங்க. தொர வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. அதான் நானும் யாருகிட்டயும் மூச்சு விடல."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையில்லாதவளுக்கு வாழ்த்து என்று நினைத்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் காலடியில் காலித் தொட்டிலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதுவும் மெத்தை போட்டு, கிலுகிலுப்பை கட்டி. எனக்கு அந்த அம்மாளை நினைத்து நெஞ்சு வலித்தது. அக்காவின் பேச்சை இனி எந்த முகத்தோடு எடுப்பது?

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது உள்கதவு திறந்தது. துரைசானி வந்தார், தொட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு. கண் சிவந்திருந்தது. ரப்பர்க் கொட்டை மாலை இன்னும் கழுத்திலேயே கிடந்தது. சமையல்கார அண்ணன் பதறி எழுந்தார். அந்த அம்மாள் தொட்டிலைக் குசினி மேசையில் வைத்து என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இத நீயா செஞ்சேன்னு கேக்குறாங்க. எதுக்குத் தொட்டில்னு கேக்குறாங்க."

"எங்க வழக்கம்னு சொல்லுங்கண்ணே. பிள்ள வேணும்னா சாமிக்குத் தொட்டில் கட்டுவோம். அவங்களுக்கு ஒண்ணு பொறக்கணும்னு நெனச்சுச் செஞ்சேன். நடந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கையால செஞ்சிருக்க மாட்டேன்."

அண்ணன் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே ஒரு கிளியின் வாலை விரலால் நீவினார். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எங்கே நின்றது? "எங்கக்காவுக்கு ரெண்டு பொறந்து ரெண்டும் போயிருச்சும்மா. இந்தக் கிளியெல்லாம் அவள நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றேன். அண்ணன் தயங்கித் தயங்கி அதையும் சொன்னார்.

துரைசானி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று கேட்டார்.

"மேல் டிவிசன்ல, லயத்துக்குப் பின்னால, வாழைக்குப் பக்கத்துல. அக்கா தெனமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறா."

அதைக் கேட்டு அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அண்ணன் அதை எனக்குச் சொல்லவில்லை, தரையைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க, சொல்லுங்க" என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார்: "ஒங்கக்காவுக்குப் போய் நின்னு பாக்க ஒரு எடமாச்சும் இருக்கேங்கிறாங்க."

அடுப்பில் எதுவோ கொதித்து வழிந்தது, அண்ணன் போய் இறக்கி வைத்தார்.

பிறகு நான் சொன்னேன். "இப்பக் கேக்குறது நாயமில்லதான். ஆனா இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாளு இல்ல. அக்கா இப்ப மூணாவது தடவ முழுகாம இருக்கா. ஆத்துல தண்ணி வந்துட்டா அவள இந்தப் பக்கம் கொண்டார முடியாது. இப்பவே கொண்டாந்து என் வீட்டுல வச்சிக்க உத்தரவு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்கண்ணே."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நல்லா இருக்கே! இந்த நேரத்துல இதப் போய் நான் சொல்லணுமா? தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். எந்திரிச்சிப் போ."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். மேசைக்கு முன்னால் நின்று, வயிற்றில் கை வைத்து இவ்வளவு பெரிது என்று காட்டினேன். மேல் டிவிசன் பக்கம் மலையைக் காட்டினேன். இரண்டு கையாலும் தண்ணீர் புரண்டு வருவதைக் காட்டினேன். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் என்று காட்டினேன். ஆஸ்பத்திரியை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். வேறொரு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். துரைசானி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மனம் கேட்காமல் கடைசியில் இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மாள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீடு வந்து சேர்ந்தேன். "என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஒண்ணும் சொல்லல" என்றேன். சோறு இறங்கவில்லை. அன்று மாலை தொடங்கிய மழை மறுநாள் காலையிலும் விடவில்லை. அக்காவுக்கு நல்லது செய்யப் போய் துரை வீட்டுப் பகையையும் சேர்த்து வாங்கிவந்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவளை இனி நடத்தியாவது கூட்டிவந்துவிடுவது, கங்காணி வேலைச் சீட்டைக் கிழித்தால் கிழிக்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மழை கொஞ்சம் விடட்டும் என்று மட்டும் சொன்னார்.

மழை விடுவதற்கு முன்பே லயத்தின் எதிரில் துரையின் மோட்டார் கார் வந்து நின்றது. பிள்ளைகள் எல்லாம் நனைந்துகொண்டே ஓடின. கார்க்காரர் இறங்கிக் கதவைத் திறந்தார். என் அக்கா இறங்கினாள். தலையில் துண்டு, கையில் ஒரு சின்ன மூட்டை. அவளுக்குப் பின்னால் துரைசானி உட்கார்ந்திருந்தார், சேறு முழங்கால் வரைக்கும். பாலத்தில் கார் போகாது. அந்த அம்மாள் இறங்கி நடந்தே போய்க் கூட்டிவந்திருக்கிறார். கங்காணி எங்கிருந்தோ குடையோடு ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. துரைசானிக்குச் சலாம் போடுவதா, என்னை முறைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

உள்ளே கூட்டிப்போய்த் தலை துவட்டிவிட்டு, சுடச்சுடக் காப்பி கொடுத்தேன். அக்கா அதிகம் பேசாதவள். அவள் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவளுக்குப் பேச வாய்ப்பே இல்லை என்பார்கள். அன்று அவளாகவே சொன்னாள்.

"பாலத்துல வரும்போது அந்தம்மா என் கையப் புடிச்சவங்கதான். கார்ல ஏறியும் விடலடி. வழி முழுக்க விடல. என் வெரலு செவந்துபோச்சு. எனக்குத்தான் பயமா, அவங்களுக்கா, ஒண்ணும் வெளங்கல."

தொட்டிலை அந்த அம்மாள் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், அவ்வளவு பாடுபட்டுச் செய்தது காலியாக அங்கே கிடக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்புதான். சமையல்கார அண்ணன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதைத் தம் படுக்கையறையில் வைத்திருந்தாராம். துரை ஒருமுறை அதை எடுத்துவிடச் சொன்னாராம். அந்த அம்மாள் முடியாது என்றாராம்.

தை என்று நாங்கள் போட்ட கணக்கு தப்பியது. பொங்கலுக்கு முன்பே, ஒரு பகல் நேரத்தில், அக்காவுக்கு வலி எடுத்தது. அன்று ஆற்றில் பாலத்தின் கைப்பிடிகூடத் தெரியவில்லை என்று மேலிருந்து வர முடியாமல் தவித்த அவள் புருஷன் பிறகு சொன்னார். நான் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருத்துவச்சி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். என்னை உள்ளே விட்டால் வாய் ஓயாதாம்.

வெளியே தாழ்வாரத்தில் துரைசானி நின்றிருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. சமையல்கார அண்ணன் வரவில்லை. எங்களுக்குள் மொழி பெயர்க்க யாரும் இல்லை. அவர் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. இன்னும் இல்லை என்று நான் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. பிறகு இருவரும் பேசுவதை விட்டுவிட்டோம். பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. முதல் இரண்டு முறையும் அக்காவின் முனகல் நின்றதோடு எல்லாம் அமைதியாகிவிட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள். இப்போதும் உள்ளே முனகல் நின்றது. எதுவும் கேட்கவில்லை. நான் துரைசானியைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பிள்ளை அழுதது. தோட்டமே கேட்கும்படி அழுதது. மருத்துவச்சி கதவைத் திறந்து, "பொட்டப்புள்ள" என்றாள். நான் அந்த அம்மாளைப் பார்த்துத் திரும்பி, என் சேலையைத் தொட்டு, அவரைத் தொட்டு, நம்மைப் போல என்று காட்டினேன். அவர் தலையாட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவச்சி உள்ளே கூப்பிட்டாள். நான் போகவில்லை. அந்தப் பிள்ளை கத்துவதை முழுதும் கேட்காமல் அவரும் நானும் அங்கிருந்து ஓர் அடிகூட நகரவில்லை.